அகபா பைஅத்: வாக்கு குடுத்தா ஒரு சமுதாயம் உருவாகிடுமா?

கேள்வி
அஸ்ஸலாமு அலைக்கும். நபி (ஸல்) மக்காவ விட்டு மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்துக்கு முன்னாடி, மக்கா பக்கத்துல அகபாங்கற எடத்துல ரெண்டு தடவ பைஅத் (சத்திய வாக்கு) நடந்துச்சுன்னு படிச்சேன். அந்தக் கால அரபு நாட்டுல எல்லாமே கோத்திரம்தான், சொந்தபந்தம் இல்லாதவனுக்கு பாதுகாப்பே கிடையாது. அப்படி இருக்கும்போது யஸ்ரிப்லேர்ந்து (மதீனாவோட பழைய பேரு) வேற ஊர்க்காரங்க வந்து நபி கையப் புடிச்சு சத்தியம் பண்ணினது எப்படி நின்னுச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1
வஅலைக்கும் ஸலாம் சகோ. ரெண்டும் ஒண்ணு இல்ல. 621ல மினா பக்கத்துல 12 பேர் குடுத்த வாக்கு ஒழுக்கம் சம்பந்தப்பட்டது, இணை வைக்க மாட்டோம், திருட மாட்டோம், புள்ளைங்கள கொல்ல மாட்டோம்னு, அதுல சண்ட பத்தி பேச்சே இல்ல, அவங்களுக்கு குர்ஆன் சொல்லிக்குடுக்க நபி (ஸல்) தன்னோட தோழர் முஸ்அப் (ரலி) அவங்கள யஸ்ரிபுக்கு அனுப்பி வச்சாங்க. அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்கு வந்தப்ப ராத்திரில ரகசியமா கூடினது 75 பேர், இப்ப நபி (ஸல்) கேட்டது உயிர்: உங்க பெண்டு புள்ளைங்கள காப்பாத்துற மாதிரி என்னையும் காப்பாத்தணும்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச இடம், அந்த யஸ்ரிப்காரங்கள்ல ஒருத்தரான அபுல் ஹைதம் (ரலி) நேருக்கு நேரா கேட்டது. உங்களுக்காக பழைய ஒப்பந்தத்தையெல்லாம் நாங்க முறிச்சிக்கிறோம், நாளைக்கு அல்லாஹ் உங்களுக்கு வெற்றி குடுத்தா எங்கள விட்டுட்டு உங்க ஜனங்ககிட்டயே போயிடுவீங்களான்னு. நபி (ஸல்) சிரிச்சிட்டு உங்க ரத்தம் என் ரத்தம், நான் உங்கள்ல ஒருத்தன்னு சொன்னாங்க. 630ல மக்கா வெற்றி கிடைச்ச பிறகும் மதீனாவுக்கே திரும்பி வந்து அங்கேயே அடக்கமானாங்க. வாக்கு ரெண்டு பக்கமும் கட்டினதாலதான் அது நின்னுச்சு.

பதில் 2
மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். அகபால அன்ஸார்கள் (நபிக்கு உதவின மதீனாக்காரங்க) ஏத்துக்கிட்டது தங்க ஊருக்குள்ள பாதுகாப்பு குடுக்கறத மட்டும்தான். அதனாலதான் 624ல பத்ர் போருக்கு போற வழில, முஹாஜிர்கள் (மக்காவுலேர்ந்து வந்தவங்க) சரின்னு சொன்ன பிறகும் நபி (ஸல்) திரும்பத் திரும்ப ஆலோசனை கேட்டுட்டே இருந்தாங்க. எங்களத்தான் கேக்குறீங்கபோலன்னு அன்ஸார்கள்ல ஒரு தலைவரான ஸஅத் இப்னு முஆத் (ரலி) புரிஞ்சிக்கிட்டு, நீங்க கடலுக்குள்ள எறங்கினா நாங்களும் எறங்குவோம்னு சொன்னாங்க. நபி (ஸல்) தலைவர்தானே, உத்தரவு போட்டு கூட்டிட்டுப் போயிருக்கலாம். ஆனா குடுத்த வாக்குக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்கறதுக்கும் அவங்க சம்மதம் கேட்டாங்க, இத நாம யாரும் சரியா பேசறதே இல்லன்னு எனக்கு வருத்தம்.

பதில் 3
அந்த 75ல 2 பேர் பொம்பளைங்கன்னு யாரும் சொல்லலையே! அதுல ஒருத்தங்க நுஸைபா (ரலி), உம்மு உமாரான்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும். பொம்பளைங்ககிட்ட வாய் வார்த்தையாலதான் பைஅத், கை தொட்டு கிடையாது. 625ல உஹத் போருக்கு தண்ணி குடுக்கத்தான் போனாங்க, ஆனா ஆளுங்க செதறி ஓடினப்ப வாள எடுத்துக்கிட்டு நபிக்கு முன்னாடி போய் நின்னாங்க, தோள்ல ஆழமா வெட்டு விழுந்துச்சு. அகபால என்ன சொன்னாங்களோ அதத்தான் அங்க செஞ்சாங்க. அப்புறம் 628ல மக்கா பக்கத்துல ஹுதைபியாவுல மரத்தடில சுமார் 1400 பேர் பைஅத் குடுத்தப்பவும் அவங்க இருந்தாங்க.

கேள்வி கேட்டவர்
ஜஸாகல்லாஹ் ஹைர். ஹுதைபியா பைஅத் பத்தியும் விவரமா யாராவது எழுதுங்களேன், மக்காவுக்கு தூதரா போன உஸ்மான் (ரலி) கொல்லப்பட்டதா வதந்தி வந்ததாலதான் அது நடந்துச்சுன்னு மட்டும் தெரியும்.