1926 உடன்படிக்கைக்குப் பிறகும் கட்டாய வேலை எப்படி நீடித்தது?

கேள்வி:
அடிமைமுறைக்கு எதிரான உடன்படிக்கை 1926 செப்டம்பரில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் (League of Nations) கீழ் கையெழுத்தானது. அதே காலத்தில்தான் பிரெஞ்சு அரசு, காங்கோவின் பிரசாவில் நகரிலிருந்து கடற்கரை வரை ரயில் பாதை போட (1921–1934) ஆப்பிரிக்கர்களைப் பிடித்துச் சென்று வேலை வாங்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பிரான்ஸ் உடன்படிக்கையை மீறியதா, மீற வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லையா?

பதில்:
இரண்டாவதுதான். ஒரு மனிதர் மீது சொத்துரிமைக்குரிய அதிகாரங்கள் எல்லாமோ சிலவோ செலுத்தப்படும் நிலையே அடிமைமுறை என்று அந்த உடன்படிக்கை வரையறுத்தது. ரயில் பாதைக்கு மண் சுமந்தவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை; அரசு ஆள் அனுப்பிப் பிடித்தது, அவ்வளவுதான். 5ஆம் பிரிவோ கட்டாய வேலையைத் தடை செய்யாமல், பொதுத் தேவைக்கு மட்டும் அதை வாங்கலாம் என்றும், அது அடிமைநிலைக்கு ஒப்பானதாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி நிறுத்திக்கொண்டது. ரயில் பாதையைப் பொதுத் தேவை அல்ல என்று எந்தக் காலனி அரசு சொல்லும்?

இன்னொரு பதில்:
சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டாய வேலையை 'இயன்ற அளவு விரைவில்' ஒழிக்கச் சொன்ன அதே ஆவணம், அதுவரை 18 முதல் 45 வயதுவரையுள்ள ஆண்களிடம் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலை வாங்கலாம் என்று அளவும் குறித்தது. ராணுவச் சேவைக்கு விலக்கு உண்டு, ஆனால் வேலை முழுக்க ராணுவத் தன்மையுடையதாக இருக்க வேண்டும். பிரான்சை உறுத்தியது இந்த நிபந்தனைதான் என்பது என் கணிப்பு. மேற்கு ஆப்பிரிக்காவில் படைக்குத் தெரிவாகியும் படையில் சேர்க்கப்படாத இளைஞர்களை அந்நாடு சாலைக்கும் வாய்க்காலுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஏற்பாடு தொடங்கியதும் 1926இல்தான். 1930ஆம் ஆண்டு உடன்படிக்கையை பிரான்ஸ் 1937இல்தான் ஏற்றது. காலனிகளில் கட்டாய வேலையை ஒழித்ததோ 1946 ஏப்ரலில், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஐவரி கோஸ்ட்டின் உறுப்பினராக இருந்த ஊஃபுவே-புவான்யி கொண்டுவந்த சட்டம்.

மற்றொரு பதில்:
சட்டம் வெறும் காகிதம் என்று முடித்துவிடுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆப்பிரிக்கக் காலனிகளில் கட்டாய வேலை நடக்கிறது என்று 1961இல் போர்ச்சுகல் மீது கானா புகார் கொடுத்ததும், தொழிலாளர் அமைப்பு விசாரணைக் குழு அமைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை காலனியாக இருந்த நாடு, ஐரோப்பிய அரசு ஒன்றைப் பதில் சொல்ல வைத்தது. எனினும் அந்த அமைப்பின் விதிப்படி, இரு நாடுகளும் ஒரே உடன்படிக்கையை ஏற்றிருந்தால்தான் ஒன்று மற்றொன்றின் மீது புகார் கொடுக்க முடியும். புகாருக்கு அடிப்படையான 1957ஆம் ஆண்டு கட்டாய வேலை ஒழிப்பு உடன்படிக்கையை போர்ச்சுகல் 1959இல் ஏற்காமல் ஒதுங்கியிருந்தால் கானாவுக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.