பென்டிரைவ் நிறைய பிரஷ்: எல்லாவற்றையும் ஏற்றலாமா?

சுங்குடிக்காரி
மதுரையில் வீட்டிலிருந்தே குழந்தைகள் புத்தகங்களுக்கும் திருவிழா போஸ்டர்களுக்கும் கணினியில் படம் வரைகிறேன். போட்டோஷாப் சந்தா கட்டுப்படியாகவில்லை, கிரிட்டா என்கிற இலவச வரைகலை மென்பொருளுக்கு மாறிவிட்டேன். முன்பு கூட வேலை பார்த்தவர் ஒருவர் பென்டிரைவ் நிறைய பிரஷ் கொடுத்திருக்கிறார். எல்லாம் ஏபிஆர், அதாவது போட்டோஷாப் பிரஷ் கோப்புகள்: நீர்வண்ணம், கரி, புகை, மேகம், கோபுர ஸ்டாம்ப், கோல ஸ்டாம்ப். மொத்தமாக ஏற்றிவிட்டு அப்புறம் பிரித்துக்கொள்ளலாமா, பார்த்துப் பார்த்து ஏற்றுவதா? சித்திரைத் திருவிழா போஸ்டர் ஒன்று கையில் இருக்கிறது.

மாசிவீதி
மொத்தமாக ஏற்றிவிடுங்கள் அக்கா. எங்கள் கடையில் வாடிக்கையாளர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே "அந்த மூலையில கொஞ்சம் புகை விடுங்க தம்பி" என்பார். அப்போது போய் ஃபோல்டரைத் துழாவ முடியாது. பிரஷ் பட்டியலிலேயே தேடல் பெட்டி இருக்கிறது, தட்டினால் வந்துவிடும்.

வைகைக்கரை
வராது. அவர் கிரிட்டா என்கிறார், நீங்கள் போட்டோஷாப்பை நினைத்துப் பேசுகிறீர்கள். ஏபிஆர் கோப்பை கிரிட்டாவில் இம்போர்ட் செய்தால் பிரஷ்ஷின் முனை, அதாவது அது பதிக்கிற வடிவம், மட்டும்தான் வரும். அழுத்தத்துக்கு ஏற்ப அளவு மாறுவது, சிதறல், டெக்ஸ்சர் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அந்த முனையும் நீங்கள் சொல்கிற பட்டியலில் உட்காராது. பிரஷ் எடிட்டருக்குள் போய், முனைகள் இருக்கும் இடத்தில் தேட வேண்டும். மொத்தமாக ஏற்றினால் பெயர் தெரியாத கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக வரிசை கட்டி நிற்கும், அவ்வளவுதான்.

சுங்குடிக்காரி, கிரிட்டாவோடு வருகிற பிரஷ்களே முதலில் போதும். பெயரைப் பாருங்கள், அழிப்பான்களுக்கு முன்னால் ஏ, அடிப்படை பிரஷ்களுக்கு பி, பென்சிலுக்கு சி என்று எழுத்து போட்டே வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மாசிவீதி
சரி, முனை மட்டும்தான் வரும். அதற்காகத் தூக்கி எறிவதா? முனைதான் கைவேலை. மை தொட்டுத் தாளில் அடித்து, ஸ்கேன் பண்ணி எடுத்தது. மிச்ச அமைப்புகளை ஒரு தடவை வைத்து, புதுப் பெயரில் சேமித்தால் முடிந்தது. பிரஷ் செய்வதில் பேர்போன ஓவியர் கைல் வெப்ஸ்டரின் பிரஷ்களை 2017-ல், போட்டோஷாப்பின் சொந்தக்காரரான அடோபி ஏன் வாங்கியது? மென்பொருளோடு வருகிற பிரஷ்களே போதும் என்றால் அந்த வியாபாரமே நடந்திருக்காதே.

வைகைக்கரை
அண்ணே, அவர் ஒவ்வொரு பிரஷ்ஷையும் வரைந்து பார்த்துச் செய்தவர். பென்டிரைவில் கைமாறி வருவது வேறு. விலைக்கு விற்கும் பிரஷ் தொகுப்பு பலவற்றில், வரைந்த படத்தை விற்கலாம், பிரஷ்ஷை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் உரிமம் இருக்கும். எது யாருடையது என்று தெரியாமல் காசு வாங்கும் வேலையில் இறங்காதீர்கள்.

மாசிவீதி
அதனால்தான் நான் வாங்கிய இடத்தின் பெயரிலேயே ஃபோல்டர் வைத்திருக்கிறேன். அதை விட்டு "மேகம்", "தண்ணீர்" என்று கலந்து வைத்தால், நாளைக்கு உரிமம் கேட்டால் எங்கே போய்த் தேடுவது?

கிளிக்கூடு
நடுவில் வருகிறேன். போட்டோஷாப்பில் ஒரு பிரஷ் ஒரு குழுவுக்குள்தான் இருக்கும். இரண்டு குழுவில் வேண்டுமென்றால் நகல் எடுக்க வேண்டும். கிரிட்டாவில் அந்தச் சிக்கல் இல்லை. பிரஷ் மேல் வலது கிளிக் செய்து டேக், அதாவது அடையாளச் சீட்டு, போடலாம், ஒன்றுக்கு எத்தனை டேக் வேண்டுமானாலும். வாங்கிய இடம் ஒரு டேக், வேலை ஒரு டேக். "சித்திரை போஸ்டர்" என்று ஒன்று போட்டு, கான்வாஸில் வலது கிளிக் செய்தால் வரும் வட்டத்தில் அந்த டேக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த வேலைக்கானது மட்டும் கையடியில் நிற்கும். இரண்டு பிரஷ்ஷுக்கு நடுவே மாறிக்கொண்டே இருக்க சாய்கோட்டு (/) விசையை அழுத்தினால் போதும், பட்டியல் பக்கமே போக வேண்டாம்.

கணினி மாற்றும்போது பிரஷ் கோப்பை மட்டும் நகலெடுத்தால் டேக் கூட வராது. வேண்டியதையெல்லாம் ஒரு பண்டிலாக, அதாவது ஒரே கோப்பாக, கட்டுங்கள், கட்டும்போது டேக்கையும் உள்ளே சேர்க்கலாம். வேலை முடிந்ததும் பண்டிலை முடக்கி வைக்கலாம், அழிக்க வேண்டாம்.

வைகைக்கரை
டேக் நல்லதுதான். ஆனால் ஆயிரம் பிரஷ்ஷுக்கு யார் உட்கார்ந்து டேக் போடுவது? அந்த நேரத்தில் போஸ்டரே முடிந்திருக்கும்.

அந்தக் கோபுர ஸ்டாம்ப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏபிஆரில் வருகிற முனை சாம்பல் நிறப் படம், அழுத்தினால் கையில் இருக்கிற ஒரு நிறத்தில்தான் விழும். தெற்குக் கோபுரம் ஒரு நிறத்திலா இருக்கிறது? பச்சை, நீலம், ரோஸ் என்று அத்தனை சிலை. அதோடு ஸ்டாம்ப் நேர்முகமாக எடுத்தது. வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேல்நிலைகள் குறுகிக்கொண்டே போகும். அந்தக் குறுக்கம் ஸ்டாம்ப்பில் எங்கே இருக்கிறது? தூரத்தில் கரிய நிழலாக நிற்பதற்கு ஆகும். முன்னால் வைத்தால் ஊர்க்காரன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான்.

மாசிவீதி
கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறான்? போஸ்டரில் மேலே கோபுரம், கீழே அன்னதானம் கொடுப்பவர் முகம். கோபுரத்தின் மேல்நிலை குறுகவில்லை என்று இதுவரை யாரும் காசைக் குறைத்ததில்லை.

சுங்குடிக்காரி
நான் குறைத்துக்கொள்வேன் அண்ணே :) சரி, கோபுரத்தைக் கையாலேயே வரைகிறேன். ஆனால் மீனாட்சிக்குச் சுங்குடிச் சேலை போடலாம் என்று இருக்கிறேன். அத்தனை புள்ளியையும் கையால் வைக்க முடியாது. வட்ட பிரஷ்ஷில் இடைவெளி கூட்டினால் எல்லாப் புள்ளியும் அச்சு மாதிரி ஒன்றாக விழுகிறது.

கிளிக்கூடு
அதற்கு ஊரான் பிரஷ் எதற்கு? நீங்களே செய்யலாம். சுங்குடியில் துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் போடுகிறார்கள், முடிச்சுக்குள் சாயம் ஏறாத இடம்தான் புள்ளி. அதனால் ஓரம் கோணல், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஐந்தாறு புள்ளிகளை இப்படிக் கோணலாகவே, லேயருக்கு (படத்தின் அடுக்குக்கு) ஒன்றாக வரையுங்கள். பிரஷ் எடிட்டரில் அதை ஸ்டாம்ப் முனையாக எடுக்கும்போது அனிமேட்டட் வகையைத் தேர்ந்தெடுத்து, முறையை ரேண்டம் என்று வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் வேறு புள்ளி விழும். சுழற்சியையும் கொஞ்சம் ரேண்டமாக விட்டு, இடைவெளியைக் கூட்டினால் சேலை தயார்.

சுங்குடிக்காரி
பண்ணிப் பார்த்தேன், அழகாக விழுகிறது. மடிப்பு வருகிற இடத்தில் மட்டும் புள்ளி தட்டையாகத் தெரிகிறது, அங்கே கையால் நெருக்கி வைத்துக்கொள்கிறேன். பென்டிரைவிலிருந்து கரி முனை இரண்டு மட்டும் எடுத்தேன், அவற்றின் உரிமத்தையும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாசிவீதி
அந்தச் சுங்குடி பிரஷ்ஷை பண்டிலாக்கி இங்கே போடுங்கள் அக்கா. உங்கள் பெயரில் தனி ஃபோல்டரே வைத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை
பார்த்தீர்களா, இன்னொன்று சேர்ந்துவிட்டது.