மகளின் பெருங்குடலில் இருந்த பொலிப்பைக் கமரா மூலம் அகற்றிய அனுபவம்

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறோம். எங்கள் நான்கு வயது மகளுக்கு மலம் கழித்து முடியும் நேரத்தில் சில துளிகள் சிவந்த இரத்தம் விழும். வலியோ காய்ச்சலோ இல்லாததால், அவள் உடனே எழுந்து விளையாடப் போய்விடுவாள். லயத்தில் எல்லோரும் மூலச்சூடு என்றார்கள். முதலில் காட்டிய இடத்தில் பூச்சி மருந்து தந்து அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூலம் வருவது மிக அரிது என்பதை அப்போதே ஒருவர் சொல்லியிருந்தால், இரத்தச்சோகை வரும்வரை அவள் வெளிறிப் போயிருக்கமாட்டாள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கண்டியில் பார்த்த விசேட வைத்தியர், 2 முதல் 10 வயது வரையான பிள்ளைகளில் இவ்வாறு வலியின்றி இரத்தம் போவதற்குப் பொலிப், அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை, ஒரு முக்கிய காரணம் என்றும், பெரும்பாலும் ஒன்றே இருக்கும், அது புற்றுநோயன்று என்றும் விளக்கினார். பொலிப் பொதுவாக மலக்குடலுக்கு அருகில் இருந்தாலும், மேலேயும் இருக்கக்கூடும் என்பதால் மலவாயிலால் கமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்களாம். ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தாலோ, அது பரம்பரை நோயாக இருக்கலாம். அப்போது தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

உண்மையில் எங்களை வாட்டியது, பொலிப்பை அகற்றுவதற்கு முதல்நாள் குடலைச் சுத்தம் செய்ததுதான். தண்ணீரில் கரைத்த மருந்து உப்புக் கரித்ததால் அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒரு மிடறு மருந்து, ஒரு மிடறு சீனி போட்ட பிளேன்டீ என்று மாற்றி மாற்றிக் கொடுத்தே, தெளிந்த நீராகப் போகும்வரை குடிக்க வைத்தோம். பால் கூடாது; சிவப்பு நிறப் பானங்களும் இரத்தம்போலத் தோன்றுமென்று தடுத்திருந்தார்கள்.

வயிற்றைக் கிழிப்பார்களோ என்று என் மாமியார் அழுதுகொண்டேயிருந்தார். "இல்லைங்கம்மா, வெளியே ஒரு தையல்கூட இருக்காது" என்று தாதி தேற்றினார். 1969 இல் நியூயோர்க்கில் தொடங்கிய முறை இது, நேற்று வந்ததன்று. மயக்க மருந்து கொடுத்து, கமராக் குழாயின் வழியே கம்பி வளையமொன்றைச் செலுத்தி, பொலிப்பின் காம்பைச் சுற்றி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சித் துண்டிக்கிறார்கள். அந்தச் சூட்டிலேயே இரத்தக்குழாயும் அடைபடுகிறது. பரிசோதனைக்கு அனுப்பப் போத்தலில் இட்டதைக் காட்டினார்கள்: பழுத்த கோப்பிப் பழம்போலச் சிவந்து, சிறு காம்போடு இருந்தது.

குடலில் துளை விழுவது அரிது; ஆனால் இரண்டு வாரம் வரைகூடப் பிந்தி இரத்தம் போகலாம். வயிற்றுவலி, வீக்கம், காய்ச்சல், அதிக இரத்தம் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே வரச் சொன்னார்கள். இரவில் வாகனம் கிடைக்காத தோட்டங்களில் இருப்பவர்கள் அந்த நாட்களில் நகரத்து உறவினர் வீட்டில் தங்குவதே நல்லது. நாங்களும் அப்படித்தான் தங்கினோம்.

சாதாரணப் பொலிப் என்றே அறிக்கை வந்தது. மீண்டும் இரத்தம் கண்டால் மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு இரும்புச்சத்துச் சிரப் மாத்திரம் கொடுக்கிறோம்.