பன்றி இறைச்சி சில நாள் வெளிறித் தண்ணீர் விடுகிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வத்தளைப் பக்கம் சின்ன இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். வென்னப்புவவில் இருந்து வரும் பன்றி சில நாள் நல்ல இளஞ்சிவப்பு, சில நாள் வெளிறித் தொளதொளவென்று, தட்டில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் விட்டு, கறி வைத்தால் சுருங்கிக் கட்டையாகிவிடுகிறது. பழசு என்று வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அன்று காலை வெட்டியதுதான் ஐயா!

வெட்டுவதற்குச் சற்று முன் பன்றி பதறினால் தசையில் லாக்டிக் அமிலம் வேகமாகக் கூடி, உடல் சூடு ஆறும் முன்பே, வெட்டிய 45 நிமிடத்துக்குள் பிஎச் (அமில அளவு, குறையக் குறைய அமிலம் கூடுதல்) 6க்குக் கீழே இறங்கி, இறைச்சி இப்படி வெளிறித் தண்ணீர் விடும் என்பது தெரியும். நெடுநேரம் அலைந்து களைத்ததென்றால் எதிர்மாறு, இறைச்சி கறுத்து இறுகும். பன்றிக்குப் பெரிதாக வியர்ப்பதும் இல்லை, நீர்கொழும்பு வீதி நெரிசலில் லொறி வெயிலில் நின்றால் கேட்கவா வேண்டும். இறக்கும்போது பார்த்தால் தோளெல்லாம் பல் கீறல், வேறு வேறு கூட்டுப் பன்றிகளை ஒன்றாக அடைத்திருக்கிறார்கள்.

இரவில் ஏற்றிக் கொண்டுவருகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா, வித்தியாசம் தெரிகிறதா? இறக்கியபின் தண்ணீர் தெளித்து 2, 3 மணி நேரம் ஓய்வு விட்டால் போதுமா? பியட்ரான் என்ற பன்றி இனத்தின் கலப்பு என்றால் இது கூடுதலாக வருமா? அப்புறம், கம்பால் அடிக்காமல் பலகை பிடித்து ஓட்டச் சொன்னால் லொறிக்கார அண்ணன் சிரிக்கிறார், அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?