தோட்டப் பள்ளிக்கு 60,000 ரிங்கிட்: இந்த ஆண்டே செலவழிப்பதா, நிதியாக வைப்பதா?

பழைய மாணவன், சுங்கை சிப்புட்:
வணக்கம். எங்கள் ரப்பர் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். மிச்சமிருப்பது கோயிலும் தமிழ்ப்பள்ளியும்தான். பிள்ளைகள் டவுனில் உள்ள தாமான்களிலிருந்து (குடியிருப்புப் பகுதிகள்) வேனில் வந்து படிக்கிறார்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து 60,000 ரிங்கிட் திரட்டியிருக்கிறோம். லாரி ஓட்டுபவர், தாதி, சிங்கப்பூரில் காவல் வேலை பார்ப்பவர் என்று எல்லாரும் கொடுத்த பணம் அது. பாதிப் பேர் இந்த ஆண்டே மடிக்கணினிகள் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். மற்றவர்கள் முதல் தொகையைத் தொடாமல் வட்டியில் உதவலாம் என்கிறார்கள்.

நான் இரண்டாவது பக்கம். வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்று, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன காலத்தை அப்பா பார்த்தவர். எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அப்பா பால்மரம் சீவிய கூலியில் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பங்கு எடுத்தார். அடுத்த ஆண்டே அந்தச் சங்கம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. கூலிக்காரர்களின் பணம் தோட்டமாக மாறி நின்றதைக் கண்டு வளர்ந்தவன் நான். எங்கள் பணமும் அப்படி நிற்க வேண்டும். எப்படிச் செய்வது?

ஈப்போ கணக்காளர்:
ஐயா, முதலில் கணக்கைப் பார்ப்போம். நிலையான வைப்பில் 3 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,800 ரிங்கிட். மாதம் 150. கூட்டத்தில் இதை மறைக்காமல் சொல்லுங்கள். பத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் நிதி என்று பேச்சு வளர்ந்துவிட்டால், இரண்டாம் ஆண்டே எல்லாருக்கும் சலிப்பு வந்துவிடும்.

பணத்தைத் தனிமனிதர் பெயரில் போடவே கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அவர் காலமானால் கணக்கு முடங்கும்; வாரிசுகளிடம் போய்க் கெஞ்ச வேண்டிவரும். வருமான வரிச் சட்டம் 44(6)ஆம் பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால், நன்கொடையாளர் தம் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். நீங்களே புதிதாக அங்கீகாரம் கேட்டு அலைவதைவிட, ஏற்கெனவே அதைப் பெற்றுள்ள கல்வி அறநிலையம் ஒன்றுடன் எழுத்து ஒப்பந்தம் செய்து, உங்கள் தோட்டத்தின் பெயரில் தனி நிதியாக வைக்கக் கேட்டுப்பாருங்கள்.

ஆசிரியை, கோல கங்சார்:
மாதம் 150 ரிங்கிட்டைச் சிறுதொகை என்று ஒதுக்கிவிடாதீர்கள் ஐயா. தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைகூட இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்மொழியில் தடுமாறுகிறது. மலாய் போதாத பிள்ளைகளுக்கான புதுமுக வகுப்பில் ஓராண்டு போகிறது. அங்கேயே மனம் தளர்ந்து பள்ளியை நிறுத்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் யாருக்கும் அறிவு குறைவில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மலாய் வகுப்பு, அக்கறையுள்ள ஓர் ஆசிரியர். 150 ரிங்கிட்டில் அது நடக்கும். ஒவ்வோர் ஆண்டும் நடந்தால்தான் பயன். மடிக்கணினி மூன்று வருடத்தில் பழுதாகும்.

முதல் தொகையை வளர்க்கவும் வழி இருக்கிறது. உங்கள் அப்பா கட்டிய அதே 10 வெள்ளியை இன்று நாற்பது பேர் மாதாமாதம் கட்டினால் ஆண்டுக்கு 4,800 சேரும். பெரிய தொகை கொடுத்தவரைவிட விடாமல் கட்டுபவர்தான் பள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். என் அனுபவம் இது.

இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வில் முதல் நிலை பெறும் மாணவருக்கென்று ஒரு பெரியவர் பணம் விட்டுச் சென்றார். 2021இல் அந்தத் தேர்வையே அகற்றிவிட்டார்கள். அவரும் இல்லை. பத்திரத்தில் வேறு வழி எழுதவில்லை. பணம் வங்கியில் கிடக்க, அதே பள்ளியில் பிள்ளைகள் வேன் கட்டணத்துக்குத் திண்டாடுகிறார்கள்.

ஈப்போ கணக்காளர்:
டீச்சர் சொன்ன சிக்கல் பழையது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரெடரிக் கோஃப் என்ற வங்கியாளர் 1914இல் சமூக அறநிதி ஒன்றைத் தொடங்கியதே இதற்காகத்தான். இறந்தவர்கள் எழுதிவைத்த பழைய நிபந்தனைகளில் பணம் சிக்கிக்கிடப்பதை அவர் கண்டார். பலருடைய பணத்தை ஒரே நிதியில் சேர்த்து, நோக்கம் காலாவதியானால் ஊரின் அன்றைய தேவைக்கு அதைத் திருப்பும் அதிகாரத்தைக் குழுவுக்கு அளித்தார். உங்கள் பத்திரத்திலும் அந்த ஒரு வரி இருக்கட்டும்.

பழைய மாணவன், சுங்கை சிப்புட்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 50,000ஐ முதலாக வைத்து, மீதி 10,000இல் இப்போதைக்குச் சில மடிக்கணினிகளைப் பள்ளியின் பொதுப் பயன்பாட்டுக்கு வாங்கலாம் என்று பேசப் போகிறேன். இரு தரப்பையும் சேர்த்து நடக்க அதுதான் வழி. வட்டி 1,500ஆகக் குறையும். மாதச் சந்தாவில் ஒரு பகுதியை எடுத்து மலாய் வகுப்பை நடத்திவிடலாம். கையெழுத்துக்கு யார் யாரைப் போடலாம்? தலைமையாசிரியர் போதுமா?

ஈப்போ கணக்காளர்:
தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார் ஐயா. பழைய மாணவர் ஒருவர், பள்ளி மேலாளர் வாரியத்தில் ஒருவர், தோட்டத்தோடு உறவே இல்லாத ஒருவர் என மூவர் இருக்கட்டும்; இருவர் கையெழுத்து கட்டாயம். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வேண்டாம். ஆண்டுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு படி அனுப்புங்கள். நோக்கப் பிரிவின் வரைவை நான் எழுதித் தருகிறேன், கூட்டத்தில் வாசியுங்கள்.