கான்டெஸ்ஸா பின் ஆக்ஸில்: 4.11 இருக்கு, 4.55 போடலாமா 3.9 போடலாமா?

கேள்வி (பாலக்கோடு):
கான்டெஸ்ஸா கார், 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின், 5 ஸ்பீடு. பின் ஆக்ஸில்ல இருக்கற பினியன், கிரவுன் பல் சக்கர ஜோடியோட பல் எண்ணினதுல 9/37, அதாவது 4.11 (பினியன் 4.11 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து). டயர் 185/70 ஆர்14, ஒரு சுத்துக்கு 1.9 மீட்டர் உருளுது. மூணாவது கியர் 1.4, நாலு 1.0, அஞ்சு 0.85. எஞ்சினை 5500 ஆர்பிஎம் (நிமிஷத்துக்குச் சுத்து) தாண்ட விடறதில்ல. தினசரி ஓட்டம் தர்மபுரி, அடிக்கடி சேலம். சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில டிராக் மீட் (402 மீட்டர் நேர்கோட்டுப் பந்தயம்) நடந்தா அங்கேயும் போகும். 402 மீட்டர் முடியறப்ப வேகம் சுமார் 110. எடுப்பு பத்தல. 9/41 (4.55) ஒண்ணு, 11/43 (3.9) ஒண்ணு, ரெண்டு செட் விலைக்கு வந்திருக்கு. எதை எடுக்கலாம்ங்கண்ணா?

பதில் (கிருஷ்ணகிரி):
முதல்ல கிளட்ச்சைப் பாருங்க. நாலாவது கியர்ல 50-ல போய்க்கிட்டே மேட்டுல ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிங்க. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. அப்புறம் பின் சக்கரத்தை ஜாக்கில தூக்கிக் கையால சுத்துங்க, பிரேக் ஒட்டுதான்னு தெரிஞ்சுடும். இது ரெண்டும் சரியில்லாம எந்த ரேஷியோ போட்டும் புண்ணியமில்ல.

பதில் (ஓசூர்):
தம்பி, பெரிய நம்பர் போட்டா வண்டி பறக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. பந்தயத்துக்குக் கணக்கை முடிவுக் கோட்டுல இருந்து பின்னாடி போடணும்.

110 கி.மீ. வேகத்துல உங்க டயர் நிமிஷத்துக்கு 965 சுத்து. 4.11-ஓட மூணாவது கியர் 5500-ஐத் தொடறது 109-ல. 4.55 போட்டா அதே கியர் 98-லேயே முடிஞ்சிடும். கோட்டுக்கு முன்னாடி நாலாவது போட்டே ஆகணும். மாத்தினதும் ஆர்பிஎம் 3900-க்கு விழும், மொத்த ரேஷியோ (கியர் x ஆக்ஸில்) வெறும் 4.55 ஆயிடும். இப்ப மூணாவதுல உங்களுக்கு 5.75 இருக்கே! கிளம்பறப்ப கிடைக்கற 10 சதவீதத்தைக் கடைசியில திருப்பிக் குடுக்கறீங்க. எஞ்சின் 6200 வரைக்கும் தாங்கற மாதிரி வால்வ் ஸ்பிரிங், கேம் வேலை செஞ்சிருந்தா மட்டும் 4.55 நியாயம்.

3.9-ல மூணாவதே கோடு வரைக்கும் வரும், 5270-தான். ஆனா கிளம்பறது 5 சதவீதம் மந்தம். சேலத்துல இருந்து திரும்பறப்ப தொப்பூர் ஏத்தத்துல ஆள் நிறைய இருந்தா கியர் இறக்கிக்கிட்டே இருக்கணும்.

ஹைவேல அஞ்சாவதுல 100 போறப்ப 3.9-க்கு 2900, 4.11-க்கு 3060, 4.55-க்கு 3390. தினம் ஓட்டற வண்டிக்கு அந்த 330 வித்தியாசம் காதுலயும் பெட்ரோல்லயும் தெரியும்.

என் முடிவு: ரெண்டு செட்டும் வேண்டாம். உங்களுக்கு மூணாவதுல குறையறது கோட்டுக்கிட்ட மணிக்கு 1 கி.மீ. வேகம் மட்டும்தான். 195/70 ஆர்14 போட்டா விட்டம் 2.3 சதவீதம் கூடும், மூணாவது கியர் 111 வரைக்கும் போகும். பின் ஃபெண்டர்ல இடிக்குதான்னு ஆளை உட்கார வெச்சுப் பாருங்க. ஸ்பீடோமீட்டர் 80-க்கு 78 காட்டும், அதை மனசுல வெச்சுக்கோங்க.

கேள்வி (பாலக்கோடு):
டயர் பாக்கறேன்ங்கண்ணா. ஆனா 70-ல மிதிச்சா டிஃப்ரென்ஷியல் (பின் ஆக்ஸில் நடுவுல இருக்கற பல் சக்கரப் பெட்டி) ஊளையிடுது, கால் எடுத்தா நிக்குது. எப்படியும் பிரிச்சாகணும்.

பதில் (ஓசூர்):
மிதிக்கறப்ப மட்டும் வர்ற ஊளைன்னா பினியன் பேரிங்கா இருக்கலாம், இல்லைன்னா பல் படியற இடமா இருக்கலாம். வளைவுல கூடிக் குறைஞ்சா வீல் பேரிங்.

பிரிச்சதும் பல் முகத்தைப் பாருங்க. குழி, உரிசல் இல்லைன்னா அதே ஜோடியை வெச்சுக்கலாம். கிரவுனும் பினியனும் ஒண்ணா அரைச்ச ஜோடி, ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாது. பேரிங், ஆயில் சீல் புதுசு போடுங்க; பினியன் பேரிங்குக்கு நடுவுல நசுங்கற ஸ்லீவ் இருந்தா அதுவும் புதுசு. பழைய ஷிம் (இடைவெளிக்கு வைக்கற மெல்லிய தகடு) தடிமனை அளந்து எழுதி வெச்சு அதுல இருந்து ஆரம்பிங்க. பேக்லாஷ் (ரெண்டு பல்லுக்கும் நடுவுல இருக்கற ஆட்டம்) டயல் கேஜ்ல பொதுவா 0.15 முதல் 0.20 மி.மீ.; கிரவுனைச் சுத்தி நாலு இடத்துல பாருங்க. மார்க்கிங் நீலம் தடவிச் சுத்தறப்ப தடம் பல்லோட அடியில விழுந்தா பினியன் ரொம்ப உள்ள இருக்கு, நுனியில விழுந்தா வெளிய இருக்கு. அதுக்கு ஷிம்தான் மாத்தணும், பேக்லாஷை இழுத்துச் சரிபண்ணப் பாத்தா ஊளை திரும்ப வரும்.

கியர் ஆயில் 80டபிள்யூ-90, தரம் ஜிஎல்-5. ஜோடியையே மாத்தினா முதல் 20 கி.மீ. மெதுவா ஓட்டி முழுசா ஆற விடுங்க. 500 கி.மீ. வரைக்கும் பாரம் வேண்டாம், முழு மிதியும் வேண்டாம். அப்புறம் ஆயிலை இறக்கிப் புதுசு ஊத்துங்க.