பாடகரை இழந்த குழுவின் இசைத்தொகுப்பு: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பிடோக் வாசகர்:
பிரிட்டிஷ் ராக் இசைக் குழுவான குவீனைப் பற்றி இங்கு அதிக அறிமுகம் தேவையில்லை. 2016 சிங்கப்பூர் எஃப்1 கார் பந்தயத்தின்போது பாடாங் திடலில் பாடகர் ஆடம் லம்பர்ட்டுடன் அவர்கள் மேடையேறியதைப் பார்த்துவிட்டு, எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது அவர்களுடைய ‘மேட் இன் ஹெவன்’ தொகுப்பைக் கேட்டேன். ‘மதர் லவ்’ பாட்டின் கடைசிச் சரணத்தில் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி இல்லை. கித்தார் கலைஞர் பிரையன் மே பாடுகிறார். ஓய்வெடுத்துவிட்டு வந்து மிச்சத்தைப் பாடுவதாக சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து சென்ற ஃபிரெடி, அதை முடிக்காமலேயே 1991 நவம்பர் 24ல் மறைந்தார். 1995ல் தொகுப்பு வெளிவந்தபோது ஒட்டுப்போட்ட அந்த இடத்தை அவர்கள் மறைக்கவில்லை. திடலில் கேட்ட பெருங்குரல்களைவிட, குரல் மாறும் அந்த நொடிதான் இன்றும் என்னை உறுத்துகிறது. வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

ஈசூன் கித்தார்:
இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். ஜூலையிலேயே ‘பேக் இன் பிளாக்’ தொகுப்பு வந்துவிட்டது. புதிய பாடகர் பிரையன் ஜான்சன் தம் சொந்தக் குரலில்தான் பாடினார். கறுப்பு அட்டையும் முதல் பாட்டைத் தொடங்கிவைக்கும் மணியோசையும் இரங்கல் இல்லாமல் வேறென்ன?

எங்கள் குழுவின் பாடகர் காலமானபோது, பாதியில் நின்ற பாடல்களை முடிக்க ஜாமிங் ஸ்டூடியோவில் கூடினோம். அவருடைய குரல் தடத்தை மட்டும் ஒலிக்கவிட்டதும், பாடுவதற்கு முன் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. அதை வெட்டிவிடலாமா என்று ஒலிப்பொறியாளர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தொகுப்பு இன்னும் முடியவில்லை.

தோ பாயோ அண்ணன்:
லிங்கின் பார்க் ராக் குழுவின் ‘ஃபிரம் ஸீரோ’ தொகுப்பு 2024ல் வந்தபோது, அதன் மறைந்த பாடகர் செஸ்டர் பென்னிங்டனின் குரலோடு வளர்ந்த என் மகள், புதிய பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டாள்.

ஈசூன் தம்பிக்குச் சில வார்த்தைகள். மூலக் கோப்பில் எதையும் வெட்டாதீர்கள். படி எடுத்து, அதில் மட்டும் வேலை செய்யுங்கள். அவர் சீராகத் தட்டும் தாள ஒலியை (மெட்ரோனோம்) கேட்டுப் பாடியிருந்தால் அந்த வேகத்தை மாற்றாமல் டிரம்ஸை அவர் குரலுக்கு இசைவாக வாசியுங்கள்; குரலை இழுத்துப் பொருத்தினால் அவர் மூச்சு விடும் இடங்கள் கெட்டுவிடும். அவர் எழுதிய வரிகளின் காப்புரிமை, மறைவுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், வெளியிடுவதற்கு முன் குடும்பத்தாரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். புதிய பாடகரைத் தேடுவதானால், அவரைப் போலவே பாடுபவரைத் தேட வேண்டாம்.

ஈசூன் கித்தார்:
நன்றி அண்ணா. மூலக் கோப்பு என்னிடம்தான் இருக்கிறது, செருமல் உட்பட.